தகவல் எழுத்தறிவு: ஏட்டில் உள்ளதா, தொழிலில் உள்ளதா?

'தகவல் எழுத்தறிவு' என்னும் தொடர் இன்று கல்வித்துறையில் பெருவழக்காய் உள்ளது. தேவைப்படும் தகவல் எது என உணர்தல், அதனைத் தேடிக் காணல், அதன் தரத்தை மதிப்பிடல், தக்கவாறு பயன்படுத்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது என 1989ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத் தலைவர் அமைத்த குழு விளக்கம் தந்தது. கல்விக்கூடங்களில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் இவ்விளக்கத்தின் வழிவந்ததே. ஆயின், இத்தொடர் பிறந்த இடம் பள்ளியன்று, தொழிலுலகம். பிறந்த இடத்தை மறந்தமையால் கற்பித்தலில் புகுந்த குறை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1974ஆம் ஆண்டில் பால் சுர்கோவ்ஸ்கி என்பார் அமெரிக்காவின் நூலகத் தேசிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். அவர் நூலகரல்லர், தகவலை விற்பனைப் பொருளாகக் கொண்ட நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவர். தம் வேலைக்குத் தகவல் மூலங்களைக் கையாளப் பயிற்சி பெற்றவரையே அவர் தகவல் எழுத்தறிவுடையார் என அழைத்தார். பின்னர் இக்கருத்தை நூலகத்தார் ஏற்று வளர்த்தனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி நூலகங்களின் சங்கம் 5 தரங்களையும் அவற்றின்கீழ் 22 அளவுகோல்களையும் வகுத்தது. தெளிவும் ஒழுங்கும் உடைய முயற்சி அது. மதிப்பெண் இடுவதற்கும் எளிது. ஆயினும், அளக்க எளிதானதையே அறிவெனக் கொள்ளும் இடர் அதனுள் இருந்தது. அச்சங்கமே 2016ஆம் ஆண்டில் அத்தரங்களைக் கைவிட்டு, 6 கருத்துகள் கொண்ட புதிய சட்டகத்தை ஏற்றது இங்கே எண்ணத்தக்கது.

இக்குறையை ஆழ நோக்கியவர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அன்னமாரி லாயிட். கல்வி, பணியிடம், அன்றாட வாழ்வு ஆகிய மூன்றிலும் தகவல் எழுத்தறிவு எவ்வாறு அமைகிறது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்குகிறார். அந்நூலின் உயிர்ப்பகுதி தீயணைப்பு வீரர்களைப் பற்றிய அவருடைய ஆய்வேயாகும். புதிதாய்ப் பணியில் சேர்ந்தவர் முதலில் கையேடுகளையும் விதிகளையும் கற்கிறார். தேர்வில் வென்றாலும், அந்நிலையில் அவர் தீயணைப்பு வீரரைப் போல் நடப்பவரே. மூத்தோரோடு தீயின்முன் நின்று, வெப்பத்தைத் தோலால் உணர்ந்து, புகையின் போக்கைக் கண்ணால் அளந்து, பணி முடிந்தபின் தோழர் சொல்லும் அனுபவங்களைச் செவிமடுத்த பின்னரே அவர் உண்மையான தீயணைப்பு வீரராகிறார். ஏடு, உடல், உடன்பணியாற்றுவோர் ஆகிய மூன்றுமே தகவல் மூலங்கள் என்பது லாயிட்டின் முடிபு.

இம்முடிபு நம் நாட்டாருக்கு வியப்பளிப்பதன்று. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் கற்றதும் இவ்வழியே. உளி ஆழமாய்ப் பாய்ந்தால் மரத்தில் காயம்படும். மேலோட்டமாய்ச் சென்றால் பால் குறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நுண்ணளவைக் கைதான் அறியும். அவருள் பலர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தம் பணிக்குரிய தகவலை அறியாதவர் அல்லர். பள்ளி வகுத்த அளவுகோல் இவ்வறிவைக் காணாமலே போயிற்று.

லாயிட்டின் ஆராய்ச்சிக்குள்ள வலிமை எதுவோ, மெலிவும் அதுவே. உடன்பணியாற்றுவோர் வாயிலாக அறிவு பரவுமாயின், அவர்தம் பிழையும் அவ்வழியே பரவும் அன்றோ? குழுவினர் அனைவரும் நம்பும் ஒன்று பொய்யாயின், புதியவருக்கு அதனை உணர்த்துவார் யார்? குழுவுக்கு வெளியே நிற்கும் ஏடும் சான்றும் அப்போது தேவைப்படுகின்றன. ஆகவே, தொழிலறிவைப் போற்றுவதால் ஏட்டறிவைத் தள்ளிவிட இயலாது. கல்வி, கேள்வி, அறிவுடைமை மூன்றுக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தமை இங்கே நினைவுகூரத்தக்கது. கற்றதும் கேட்டதும் போதா. இரண்டையும் சீர்தூக்கி மெய்காணும் திறன் வேறொன்று.

அத்திறன் எங்கே விளைகிறது என்பதற்கு மற்றோர் ஆய்வு சான்று பகர்கிறது. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர், பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆகியோரிடம் இணையத்தளங்கள் சிலவற்றைக் காட்டி, நம்பத்தக்கவை எவையென வினவினர். குழந்தை மருத்துவர்களின் பெரிய சங்கம் ஒன்றன் தளமும், அதினின்று பிரிந்த சிறு குழு ஒன்றன் தளமும் அவற்றுள் இருந்தன. இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய ஒத்தவை. வரலாற்றறிஞர் பலரும் மாணவரும் அவ்வப் பக்கத்திலேயே நின்று, அதன் தோற்றத்தையும் சின்னத்தையும் மேற்கோள்களையும் கூர்ந்து படித்து மயங்கினர். சரிபார்ப்போரோ பக்கத்தை ஒருமுறை நோக்கியதும் அதைவிட்டு வெளியேறி, அத்தளத்தாரைப் பற்றிப் பிறர் கூறுவது யாது எனத் தேடினர். குறைவாகப் படித்தவர் நிறைவாக அறிந்தனர்!

வரலாற்றறிஞர்க்குக் கல்வி குறைவா? இல்லை. அச்சுநூலை ஆழ்ந்து படிக்கும் பழக்கமே புதிய களத்தில் அவர்க்குத் தடையாயிற்று. சரிபார்ப்போரின் வழக்கம் நாள்தோறும் செய்த பணியால் விளைந்தது. அவ்வாறு தொழிலிடத்தில் முளைத்த ஒன்றைப் பள்ளிப் பாடமாக்கலாம் என்னும் எண்ணத்தைத் தூண்டுவதே இவ்வாய்வின் பெரும்பயன். லாயிட் எழுப்பிய சிக்கலுக்கும் இது ஓரளவு விடையாகிறது: தன் குழுவின் சொல்லைப் புறத்தாரின் சொல்லோடு ஒப்பிடும் பழக்கமே குழுப்பிழைக்கு மருந்து.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2013ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஷ்யூர்' இயக்கம் நான்கு செயல்களை வலியுறுத்துகிறது: மூலத்தை நோக்கல், பொருளைப் புரிதல், ஆராய்தல், மதிப்பிடல். நினைவில் நிற்கத்தக்க நல்ல வாய்பாடு. ஆனால் வாய்பாட்டை ஒப்பிக்கக் கற்றவன் அதனைக் கையாளக் கற்றவன் ஆகான். நான்கு செயல்களையும் எழுதுக என்னும் வினாவுக்கு முழு மதிப்பெண் பெறும் மாணவன், அன்று மாலையே கைப்பேசியில் வந்த பொய் மருத்துவக் குறிப்பை உற்றார் அனைவர்க்கும் அனுப்பக்கூடும். அந்தக் குறிப்பை நம்பி ஒரு முதியவர் மருந்தை நிறுத்திவிட்டால் இழப்பு மதிப்பெண்ணோடு நில்லாது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, இலக்கணத்தைச் சோதிப்பதை விடுத்துச் செயலைச் சோதித்தல்: ஒரே பொருள்பற்றி முரண்படும் இரு செய்திகளைத் தந்து, எதனை ஏன் நம்பலாம் என மாணவர் தேடிக் காட்டச் செய்தல். மற்றொன்று, ஏட்டுக்கு வெளியே உள்ள அறிவுக்கும் வகுப்பில் இடமளித்தல்: தாதியிடமும் தச்சரிடமும் மின்பணியாளரிடமும், அவர் தம் பணியில் எதனைக் கண்டு எதனை அறிகின்றார் எனக் கேட்டு எழுதச் செய்தல். அவ்வாறு கேட்டு வந்ததையும் நூலோடு ஒப்பிடக் கற்பித்தல் வேண்டும். ஏட்டையும் தொழிலையும் இவ்வாறு இணைக்கும் வகுப்பிலேதான் தகவல் எழுத்தறிவு தன் பெயருக்கேற்ற பொருளைப் பெறும்.