சாருக்கு அன்புடன்... மிஸ்ஸுக்கு?

குத்தாலம் என்று சொன்னால் உடனே "சீசன் ஆரம்பிச்சாச்சா சார்?" என்று கேட்பார்கள். அது குற்றாலம். அருவி அங்கே. எங்கள் ஊர், மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் காவிரிக் கரையில் இருக்கிற குத்தாலம். இங்கே அருவியெல்லாம் கிடையாது. மேட்டூரில் திறந்தால் ஆற்றில் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

இந்தக் குத்தாலத்தில் பிறந்து, மாயவரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாலு வருஷம் பிசிக்ஸ் எடுத்த என் அண்ணன் மகள், 2024-ல் லண்டனுக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். இங்கிலாந்தில் பிசிக்ஸ் வாத்தியார்களுக்குப் பஞ்சம். வெளிநாட்டிலிருந்து வருகிற பிசிக்ஸ், மொழி ஆசிரியர்களுக்கு 10 ஆயிரம் பவுண்ட் கொடுக்கிறோம் என்று 2023-ல் ஒரு திட்டமே கொண்டுவந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால், "சித்தப்பா, அங்க பசங்க ரொம்ப மோசமாமே? ஏதாவது படம் இருந்தா சொல்லுங்க" என்றாள். 'டு சர், வித் லவ்' என்றேன். பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மூன்றாவது வாரம் போன். "சித்தப்பா, அந்தப் படம் மொத்தம் எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஒருத்தன்கூட அடங்கலை."

படத்தைச் சொன்னது என் தப்பு. புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். இந்த வாரம் அதற்குத்தான் பிராயச்சித்தம்.

புத்தகம் வந்தது 1959-ல். எழுதியவர் இ.ஆர். பிரெய்த்வெயிட். தென் அமெரிக்காவின் கயானாவில் 1912-ல் பிறந்த கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தார். பிசிக்ஸ் படித்தவர். போர் முடிந்ததும் தகுதிக்கேற்ற வேலை தேடி அலைகிறார். எழுத்தில் எல்லாம் சரி. நேரில் தோலைப் பார்த்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போய்ச் சேருகிறார்.

1967-ல் படமாக்கியபோது ஜேம்ஸ் கிளாவெல் இதைத் தலைகீழாக்கிவிட்டார். படத்தில் சிட்னி பாய்ட்டியருக்கு என்ஜினீயர் வேலைக்கான கடிதம் வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் கிழித்துப் போட்டுவிட்டு வாத்தியாராகவே இருந்துவிடுகிறார். தியேட்டரில் கைதட்டல். ஆனால் யோசித்துப் பாருங்கள். வேறு வேலை கிடைக்காமல் வந்தவர் என்றால் அது சமூகத்தின் மேல் புகார். கிடைத்த வேலையை உதறியவர் என்றால் அது தியாகம். புகாரை எடுத்துவிட்டுத் தியாகத்தை வைத்துவிட்டார்கள். புத்தகத்தில் அவருக்கும் ஒரு வெள்ளைக்கார டீச்சருக்கும் காதல் உண்டு. படத்தில் அதுவும் காலி. படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பிரெய்த்வெயிட்டே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

நான் பி.காம். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் பற்றுப் பக்கம் எங்கே என்று தேடுகிற புத்தி. வாத்தியார் படங்கள் பெரும்பாலும் வரவை மட்டும் எழுதிக் காட்டுகின்றன. ஒரு புது வாத்தியார் முதல் மாதத்தில் எவ்வளவு இழக்கிறார் என்ற பக்கத்தை யாரோ கிழித்துவிடுகிறார்கள்.

புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் அவர் மேல் தொடுக்கிற யுத்தத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார் பிரெய்த்வெயிட். முதலில் மௌனம். கேள்வி கேட்டால் பதில் வராது, பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது சத்தம். பாடத்தின் முக்கியமான இடத்தில் யாராவது மேஜை மூடியை டமாரென்று சாத்துவார்கள். மூன்றாவது கெட்ட வார்த்தை. ஒருநாள் மனிதர் வெடித்துவிடுகிறார். பெண் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம்தான், இவர்களைப் பெரியவர்களாக நடத்திப் பார்த்தால் என்ன என்ற யோசனை வருகிறது. தோற்றுப்போன இடத்தில் பிறந்த யோசனை அது.

மௌனம் ஓர் ஆயுதம் என்று அவர் முதலில் வைக்கிறார் பாருங்கள், அந்த இடத்தை மறக்காதீர்கள். திரும்ப வருவேன்.

நம் ஊர் சினிமாவுக்கு வருவோம். 1994 தீபாவளிக்கு வந்தது 'நம்மவர்'. கே.எஸ். சேதுமாதவன் இயக்கம். கமல்ஹாசன் வரலாற்றுப் பேராசிரியர். நாகேஷுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். மகளைப் பறிகொடுத்த அப்பாவாக அவர் நடித்திருப்பதற்கு எத்தனை விருதும் தகும். ஆனால் கமலின் பேராசிரியரைக் கவனியுங்கள். காலேஜுக்குள் நுழையும்போதே எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்துதான் வருகிறார். அடிக்கத் தெரியும், பேசத் தெரியும், சிரிக்க வைக்கத் தெரியும். அவர் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை.

2012-ல் 'சாட்டை'. அரசுப் பள்ளியின் அழுக்கைத் தைரியமாகக் காட்டிய படம், மறுக்கவில்லை. ஆனால் சமுத்திரக்கனியின் தயாளன் சார் ஒரு காட்சியிலாவது தப்புப் பண்ணுகிறாரா? தப்பெல்லாம் தம்பி ராமையா கணக்கில்.

2021-ல் வந்த 'மாஸ்டர்' மட்டும் விதிவிலக்காக வந்திருக்கலாம். உதவி கேட்ட சிறுவர்களை வாத்தியார் குடிபோதையில் கவனிக்காமல் விட, அவர்கள் கொல்லப்படுகிறார்கள். தமிழ் சினிமா ஒரு வாத்தியார் தலையில் வைத்த மிகப் பெரிய பழி இது. அடுத்து என்ன? குடியை விடுகிறார், வில்லனைத் தேடிப் போய் அடிக்கிறார். குற்றவுணர்ச்சி ஸ்டன்ட் மாஸ்டர் கைக்குப் போய்விட்டது.

இன்னொரு விடுபடலும் உண்டு. தனி மனிதர் ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தையே திருத்திவிடுவார் என்பது எல்லாப் படத்துக்கும் பொதுவான நம்பிக்கை. பிரெய்த்வெயிட் போய்ச் சேர்ந்த நிஜப் பள்ளி, செயின்ட் ஜார்ஜ் இன் தி ஈஸ்ட். அதன் தலைமையாசிரியர் அலெக்ஸ் ப்ளூம். 1945-ல் பொறுப்பேற்று, 1955-ல் இறக்கும் வரை அந்தப் பள்ளியை நடத்தியவர். பிரம்பு கிடையாது, பரிசு கிடையாது, மாணவர் மன்றம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் பாடத்தைப் பற்றியும் வாத்தியாரைப் பற்றியும் தோன்றியதை எழுதிக் கொடுக்கலாம். அதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள். அடிக்கக்கூடாது என்று நாம் கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதியது 2009-ல்.

புத்தகத்தில் ஃப்ளோரியன் என்ற பெயரில் வருகிற தலைமையாசிரியருக்கு மூலம் இவர்தான். படத்தில் ஓரமாக வந்துபோகிறார். பிரெய்த்வெயிட் தோற்கவும், திருத்திக்கொள்ளவும் இடம் கொடுத்தது அந்தப் பள்ளிக்கூடம். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு ஹீரோ. நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிற டீச்சருக்கு ஹீரோவால் என்ன பிரயோஜனம்?

பிரெய்த்வெயிட்டிடமும் குறை உண்டு. தன் கோட்டு சூட்டைப் பற்றியும் இங்கிலீஷைப் பற்றியும் அவருக்கு இருக்கிற பெருமை சில பக்கங்களில் கொஞ்சம் அலுப்புத் தட்டும். கிழக்கு லண்டன் ஏழைகளைச் சற்று மேலே இருந்துதான் பார்க்கிறார். பெண்களை அவர் வர்ணிக்கிற விதம் இன்றைக்கு நெளிய வைக்கும். அந்த விஷயத்தில் எனக்கு ஃபிராங்க் மெக்கோர்ட்டை அதிகம் பிடிக்கும். 2005-ல் வந்த அவருடைய 'டீச்சர் மேன்' படியுங்கள். 1958-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு தொழிற்கல்விப் பள்ளி. முதல் நாள், முதல் வகுப்பு. ஒரு பையன் சாண்ட்விச்சைத் தூக்கி எறிகிறான். மெக்கோர்ட் அதை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார்! வகுப்பு வாய் பிளக்கிறது. சினிமாவாக இருந்தால் இங்கேயே இடைவேளை விட்டிருப்பார்கள். ஆனால் அடுத்து நடப்பது, காலங்காத்தால வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்று தலைமையாசிரியரிடம் திட்டு. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த மனிதர், தனக்குத் தெரியாததையெல்லாம் ஒப்புக்கொண்டே எழுதுகிறார்.

இரண்டு புத்தகத்தையும் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் சத்தமில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சித்தப்பா, அந்த வாரா வாரம் எழுதிக் கொடுக்கறது இருக்கில்ல, அதை நான் பண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பேர் எழுத வேண்டாம், என்ன புரியலைன்னு மட்டும் எழுதுங்கன்னேன். இருபத்தேழு பேர். ஒன்பது சீட்டு காலி. ஒண்ணுல என் படம் வரைஞ்சிருக்கு, பார்க்கச் சகிக்கலை."

"மிச்சம்?"

"மிச்சத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். மிஸ், நீங்க ரொம்ப வேகமா பேசறீங்க."

வகுப்பு அடங்கிவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறதாம். இப்போது நடுநடுவே, "மிஸ், ஸ்லோ" என்று கத்துகிறார்களாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளே சொன்னாள். "மாயவரத்துலயும் நான் இதே வேகத்துலதானே சித்தப்பா பேசினேன்? நாலு வருஷம். நான் உள்ள போனா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. பின் டிராப் சைலன்ஸா இருக்கும். எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு பிள்ளைகூட வேகமா பேசறீங்க டீச்சர்னு சொன்னதில்லையே."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. குத்தாலத்தில் நான் படித்த வகுப்பும் அப்படித்தான் அமைதியாக இருந்தது. எங்களில் எத்தனை பேருக்குப் பாடம் புரிந்தது என்று அன்றைக்கு யாரும் சீட்டு கொடுத்துக் கேட்கவில்லை.