16.1 மில்லியன் டன்: எண்ணைக் கேள்வி கேட்காத செய்திகள்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்கள் நாட்டின் இயற்கை வளம், பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று எந்தத் தலைப்பில் கட்டுரை எழுதினாலும், அரிய மண் தனிமங்களைப் பற்றி எழுத இடம் இருக்கிறது. மலாய் நாளிதழ்களில் இதை 'நாடிர் பூமி' என்று எழுதுவார்கள். மொத்தம் 17 தனிமங்கள். மின்சாரக் கார், காற்றாலை, கைத்தொலைபேசி இவற்றுக்கான காந்தங்கள் செய்ய இவற்றில் சில வேண்டும். நம் கெடா மாநிலத்தின் சீக் வட்டாரக் காடுகளிலும் இந்த மண் இருக்கிறது. கரங்கான், குலிம் பக்கம் இருக்கும் நமக்கு இது வெகுதூரத்துச் செய்தி இல்லை. எனவே இதைப் பற்றி வந்த செய்திகளை மாணவர்கள் எப்படிப் படிக்க வேண்டும் என்று கொஞ்சம் பார்ப்போம்.

சந்தேகம் எங்கே நின்றது?

2023 ஜூலையில் சீக், புக்கிட் எங்காங் வனப்பகுதியில் சட்டவிரோதமாக அரிய மண் எடுக்கப்பட்டது தொடர்பாக மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது. அடுத்த மாதம் 12ஆம் தேதி மாநிலத் தேர்தல். அப்புறம் என்ன? செய்திகள் முழுக்க யார் எடுத்தது, யாருக்குத் தெரியும், எந்தக் கட்சிக்கு நட்டம் என்றே போயின. ஊடகம் சந்தேகப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தேகம் ஆட்களோடு நின்றுவிட்டது. அந்த மண்ணுக்கு நிஜமாகவே அவ்வளவு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வி பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது.

தேர்தல் முடிந்து 2023 செப்டம்பர் 11ஆம் தேதி, பிரதமர் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்தில் பேசினார். அரிய மண்ணைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்யத் தடை வரும் என்றார். இந்தத் தொழில் 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்திக்கு 9.5 பில்லியன் ரிங்கிட் சேர்க்கும், ஏறத்தாழ 7,000 வேலைகள் உருவாகும் என்றும் சொன்னார். நாட்டில் 16.1 மில்லியன் டன் இருக்கிறது என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு.

அன்றைய செய்தியில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் இன்னொரு எண்ணையும் சேர்த்தது. அமெரிக்கத் தரவின்படி மலேசியாவின் இருப்பு 30,000 டன். சீனாவின் இருப்பு 44 மில்லியன் டன். 30,000 எங்கே, 16.1 மில்லியன் எங்கே! ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த ஒரு வரிதான் நல்ல ஊடகச் சந்தேகத்துக்கு எடுத்துக்காட்டு. யாரையும் திட்டவில்லை. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைத்தது, அவ்வளவுதான்.

இருப்பது வேறு, எடுப்பது வேறு

இரண்டு எண்ணில் ஒன்று பொய் என்று மாணவர்கள் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணுக்குள் எவ்வளவு இருக்கலாம் என்பது 'வளம்'. அதில் எவ்வளவை இலாபத்தோடும் சட்டப்படியும் எடுக்க முடியும் என்று உறுதி செய்யப்பட்டது 'இருப்பு'. நம் தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மரத்தில் உள்ள பால் எல்லாம் மங்குக்கு வந்து சேராது. மங்குக்கு வந்ததும் விலை நல்லா இருந்தால்தான் காசு. வளத்தின் எண்ணை எடுத்து, அதைச் சந்தை விலையால் பெருக்கி, 'இத்தனை பில்லியன் புதையல்' என்று தலைப்புப் போடுவது மரத்தைப் பார்த்தே சம்பளம் போடுவது மாதிரி.

வேலைக் கணக்கையும் வகுத்துப் பார்க்கலாம். 9.5 பில்லியனை 7,000 ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறத்தாழ 1.36 மில்லியன் ரிங்கிட் வருகிறது. இதில் தொழிலாளி கைக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு, மாநிலத்துக்கு உரிமத்தொகையாக எவ்வளவு? செய்தியில் இந்தப் பிரிவினை வேண்டும். குறித்த ஆண்டு வந்ததும் சொன்னது நடந்ததா என்று திரும்பிப் போய்க் கேட்பதும் செய்தியாளர் வேலைதான்.

புக்கிட் மேராவும் சீக்கும் ஒன்றல்ல

எதிர்த்து எழுதியவர்களிடமும் ஒரு குறை உண்டு. அரிய மண் என்றதும் பேராவின் புக்கிட் மேராவை இழுத்து வந்துவிடுகிறார்கள். அங்கே 1982இல் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை, ஈயம் எடுத்த கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்தியது. அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கழிவு வந்தது. 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. மறக்கக் கூடாத வரலாறு, சரி. ஆனால் சீக்கில் இருப்பது களிமண்ணில் ஒட்டிய வகை. 'கதிரியக்கமற்றது' என்று அரசு இதைத்தான் சொல்கிறது.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா? இருக்கு, வேற மாதிரி. மலைச்சரிவில் துளைகள் போட்டு அமோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுவார்கள். அது தனிமங்களைக் கழற்றிக்கொண்டு அடிவாரத்தில் வெளியே வரும். சரியாகப் பிடிக்காவிட்டால் நிலத்தடி நீருக்கும் ஓடைக்கும் போகும். ஊறிய சரிவு சரியவும் கூடும். இதே முறையில் மண் எடுத்த சீனாவின் கான்சோ வட்டாரத்தைச் சுத்தம் செய்ய 38 பில்லியன் யுவான் தேவைப்படும் என்று 2012இல் சீன அரசுத் தரப்பே சொன்னது. கதிரியக்கம் என்ற ஒரே பயத்தை எழுதினால், 'இது கதிரியக்கமற்றது' என்ற ஒரே பதிலில் விவாதம் முடிந்துவிடும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு சுலபமாக முடியாது.

கணக்கில் வராத தண்ணீர்

சீக் வழியாகத்தான் மூடா ஆறு ஓடி வருகிறது. பினாங்கின் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. உலு மூடா காட்டு நீர்தான் மூடா, பெடு அணைகளை நிரப்பி, கெடாவின் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. இந்த ஆற்றுநீருக்காகப் பினாங்கு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா மாநில அரசு கேட்டதும் நமக்குத் தெரிந்ததே. அந்தச் சண்டையில் தண்ணீருக்கு விலை இருந்தது. சுரங்கச் செய்தி வந்ததும் அந்த விலை காணாமல் போய்விட்டது! இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஊடகத்தின் கடமை. அது செய்யாவிட்டால் வகுப்பறையில் நாம் செய்யலாம்.

மாணவர்களுக்கு

மலாய் மொழியில் 'கட்டுரை' என்பதற்கான சொல்லும் நம் கரங்கான் ஊர்ப்பெயரும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டுரையில் சோடை போகக் கூடாது! எண் உள்ள செய்தியைப் பயன்படுத்தும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: இந்த எண்ணைச் சொன்னது யார்? இது வளமா, இருப்பா? பணம் யாருக்குப் போகும்? எந்தச் செலவு விடுபட்டுள்ளது?

இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அ) நம் நாட்டில் 16.1 மில்லியன் டன் அரிய மண் உள்ளதால் நாடு செழிக்கும்.

ஆ) நம் நாட்டில் 16.1 மில்லியன் டன் அரிய மண் இருக்கலாம் என அரசு மதிப்பிடுகிறது. ஆயினும், ஆற்றுநீர் மாசுபடாமல் அதில் எவ்வளவை இலாபத்துடன் எடுக்க முடியும் என்பது இனிதான் உறுதிப்பட வேண்டும்.

முதலாவது செய்தியைத் திருப்பிச் சொல்கிறது. இரண்டாவது செய்தியைச் சிந்தித்துச் சொல்கிறது. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அன்றைய நாளிதழிலிருந்து எண் உள்ள ஒரு செய்தியை எடுத்து இதே போல மாற்றி எழுதச் சொல்லலாம். ஒரு பாடவேளை போதும்.