கௌரவப் பதவியும் கணக்குச் சொல்லும் கடமையும்

மார்கழி வந்துவிட்டால் பாடகரைப் பற்றி எழுதுகிறோம், பக்கவாத்தியத்தைப் பற்றி எழுதுகிறோம், சபா கேன்டீனைப் பற்றிக்கூட எழுதுகிறோம். அந்தப் பாடகர் அந்த மேடையில், அந்த நேரத்தில் உட்கார வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்த செயற்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. சென்னையின் சபா ஒவ்வொன்றும் லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், ஆடிட்டர்கள், தொழிலதிபர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பலர் கைக்காசும் போடுகிறார்கள். இந்த ஏற்பாட்டால் கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பெற்றது மிக அதிகம் என்றே நினைக்கிறேன். ஆனால் சம்பளம் வாங்காதவரைக் கேள்வி கேட்பது முறையல்ல என்ற எண்ணமும் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. சபாக்களின் குறைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பெற்றதைச் சொல்லிவிட வேண்டும். சமஸ்தானங்களும் ஜமீன்களும் கலைஞர்களைத் தாங்கிய காலம் முடிந்துகொண்டிருந்தபோது அந்த இடத்தை நிரப்ப வந்தவர்கள் இந்தக் கமிட்டிக்காரர்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. அதன் முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ் ஒரு மருத்துவர். செயலாளர்களில் ஒருவரான ஈ. கிருஷ்ண ஐயர் வக்கீல். தேவதாசி முறை ஒழிப்பு இயக்கம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த 1931இல், தேவதாசி மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்கள் ஆடிய சதிராட்டத்தை, அதாவது இன்றைய பரதநாட்டியத்தின் பழைய வடிவத்தை, அகாதெமி மேடையேற்றியது. கூட்டம் சேரவில்லை. நடுவில் பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அப்படியிருந்தும் 1933இல் அதே சகோதரிகளை மறுபடி ஆடவைத்தார்கள். இந்த முறை அரங்கு நிறைந்தது. டிக்கெட் வசூலை மட்டும் பார்க்கும் ஒரு கான்ட்ராக்டர் முதல் ஆட்டத்தோடு கணக்கை முடித்திருப்பார். ஒருமுறை நஷ்டப்பட்ட பிறகும் மறுபடி துணிகிற சுதந்திரம் லாபத்தை எதிர்பார்க்காத செயற்குழுவுக்குத்தான் உண்டு. ஒரே ஆள் பல ஆண்டுகள் பொறுப்பில் நீடிப்பதிலும் நன்மை இருந்திருக்கிறது. ஸ்ரீ கிருஷ்ண கான சபாவை யக்ஞராமன் பல பத்தாண்டுகள் செயலாளராக இருந்து வளர்த்தார். நடனக் கலைஞர்கள் கூடி விவாதிக்க 1981இல் அங்கே தொடங்கிய நாட்டிய கலா மாநாடு, இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப்போகும் நிர்வாகத்தின் கையில் வேரூன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி மறுபக்கம். ஒரே சமூக வட்டம், ஒரே படிப்பு, ஒரே ரசனை உள்ளவர்கள் கூடி முடிவெடுக்கும்போது, அவர்கள் கண்ணில் படாதவர்கள் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அகாதெமியின் உயரிய விருதான சங்கீத கலாநிதி பட்டியல் 1929ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. மிருதங்க வித்வான் ஒருவர், அதுவும் பாலக்காடு மணி ஐயர், அதில் இடம்பெற 1966 வரை ஆயிற்று. முதல் பெண்ணான எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968இல்தான் கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஐ.நா. சபையில் பாடிவிட்டார். இதில் தனிமனிதர் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. வாய்ப்பாட்டு ஆண் வித்வானே சங்கீதத்தின் தலைமகன் என்ற எண்ணம் அந்த அறையில் யாருக்கும் கேள்வியாகத் தோன்றியிருக்காது. தமிழிசை விவகாரத்திலும் இதே கதைதான். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்த கோரிக்கையை அகாதெமி வட்டாரம் எதிர்த்தது. 1943இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழ் இசைச் சங்கம் கண்டார். உள்ளேயே கேட்டிருக்க வேண்டிய ஒரு குரல் தனக்கென்று வேறு மன்றம் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்றைய நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழு உறுப்பினரின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகவிடுவதில்லை. ஆனால் அவரே மறுபடி வருவதைத் தடுப்பதுமில்லை. பல சபாக்களில் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்பது வரவு செலவை வாசித்து, கைதட்டி, பழைய பெயர்களையே ஏகமனதாக அறிவித்துக் கலைவதோடு முடிந்துவிடுகிறது. ரூபாய்க் கணக்கைத் தணிக்கையாளர் பார்க்கிறார். கலைக் கணக்கைப் பார்க்க ஆளில்லை. பகல் 12 மணி, 2 மணி, மாலை 4 மணி, அதற்குப் பிறகு பெரிய வித்வான்களின் கச்சேரி என்று சீசனில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2 மணிக்குப் பாடும் இளம் பாடகி, வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் பத்து நிமிடம் ராகம் பாடி முடிக்கிறாள். அடுத்த ஆண்டு 4 மணிக்கு ஏற என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டை யார் கேட்டார், என்ன மதிப்பிட்டார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. காரணம் எழுதப்படாத இடத்தில்தான் சிபாரிசும் நன்கொடையும் நுழைகின்றன. வாய்ப்புக்கு ஸ்பான்சர் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்ற புகார், எந்த ஒரு சபாவையும் சுட்டாமலே, ஆண்டுதோறும் பேசப்படுகிறது. அது பொய்யாகவே இருந்தாலும், பொய்யென்று நிரூபிக்கச் சபாவின் கையில் ஒரு குறிப்பும் இல்லையே.

அப்படியானால் கலைஞர்களே நடத்தட்டுமே என்பார்கள். திருவையாற்றில் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். தியாகராஜ ஆராதனையை அவருடைய சிஷ்ய பரம்பரையினரே நடத்தியபோது பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்தார்கள். இரண்டிலும் பெண்களுக்கு இடமில்லை. சமாதியில் சொந்தப் பணத்தால் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. 1940 வாக்கில்தான் எல்லோரும் ஒன்றானார்கள். வித்வான்களுக்குள் போட்டி இயல்பு. மேடையை எதிர்பார்ப்பவரே மேடையைப் பங்கிடுவதும் சரிவராது. ஆகவே ரசிகர்கள் நிர்வகிப்பது குற்றமில்லை. பணத்தையும் கட்டடத்தையும் பார்க்கும் அதே சிலர், யார் பாட வேண்டும் என்பதையும் சாட்சியில்லாமல் தீர்மானிப்பதுதான் பிரச்சினை. மியூசிக் அகாதெமியே காலைநேர விவாத அரங்குகளுக்கென்று வித்வான்களும் ஆய்வாளர்களும் கொண்ட நிபுணர் குழுவை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. இசை இலக்கண விஷயத்தில் ஏற்றுக்கொண்ட அந்தப் பிரிவினையைக் கச்சேரித் தேர்வுக்கும் நீட்டலாம்: ஓய்வுபெற்ற வித்வான்கள், விமர்சகர்கள், இளம் ரசிகர்கள் சிலர் சேர்ந்த தேர்வுக் குழு, அதற்கு இரண்டு தவணைகளுக்கு மேல் நீடிக்காத ஆயுள்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஊதியமில்லாமல் உழைப்பவர் மீது விதிகளை ஏற்றினால், இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள். சொந்த அரங்கம் இல்லாமல், வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் அலையும் சின்ன சபாக்களின் செயலாளர்களுக்கு இது நிஜமான பயம். அவர்கள் மீது பெரிய சபாவின் விதிகளைச் சுமத்த வேண்டியதில்லை. ஆனால் காரணம் சொல்வது செயற்குழுவைப் பலவீனப்படுத்தும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2024 மார்ச்சில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து முன்னணிக் கலைஞர்கள் சிலர் அந்த ஆண்டு மாநாட்டிலிருந்து விலகினார்கள். அகாதெமியின் தலைவர் என். முரளி, தேர்வு செயற்குழுவின் முடிவு, நீண்ட கால இசைத் தகுதியே அளவுகோல் என்று வெளிப்படையாகப் பதில் எழுதினார். முடிவை விரும்பாதவர்களுக்கும் அது எதன் மேல் நிற்கிறது என்பது தெரிந்தது. டிசம்பர் மாநாடும் நடந்தது. எதிர்ப்பு வந்தபோது ஒரு பெரிய விருதுக்குச் செய்ய முடிந்ததை, எதிர்ப்பு வராத நாளில் 2 மணிக் கச்சேரிக்கும் செய்யலாம். இரண்டு பேர் கேட்டு, தேதி போட்டு, ஐந்து வரி எழுதி, பாடகிக்கு ஒரு பிரதி அனுப்புவதற்கு ஆகும் செலவு ஒரு தபால்தலைதான்.