திறக்கப்படாத பாட்டில்

2023 நவம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் மெக்காலன் 1926 விஸ்கி ஒரு பாட்டில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. 1926இல் வடித்து, ஷெர்ரி பீப்பாயில் 60 ஆண்டு கிடந்து, 1986இல் வெறும் 40 பாட்டில்களில் அடைக்கப்பட்ட விஸ்கி அது. இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி வரைந்த லேபிள் ஒட்டியவை அவற்றில் 12. விற்றது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஏலத்துக்கு முன் அதற்குச் சில பராமரிப்பு வேலைகள் நடந்தன. பழைய தக்கையை எடுத்துவிட்டுப் புதியது பொருத்தினார்கள். லேபிளின் மூலைகளுக்குப் பசை தடவினார்கள். உள்ளிருந்து ஒரே ஒரு மில்லிலிட்டர் எடுத்து, இன்னொரு 1926 பாட்டிலின் விஸ்கியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். அத்தனை பணத்துக்கும் ஆதாரமாக நின்றது அந்த ஒரு மில்லிலிட்டரும், ஏற்கெனவே திறக்கப்பட்ட இன்னொரு பாட்டிலும்தான். அரிய, பழைய விஸ்கிகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிகின்றன. ஒரு விஸ்கியின் பெருமை, யாரோ அதைத் திறந்து, சுவைத்து, மற்றவர்களுக்குச் சொன்னதால் உண்டாவது. திறக்காமல் அடுக்கி வைப்பவர் அந்தப் பெருமைக்குத்தான் விலை கொடுக்கிறார். ஆனால் அதில் தன் பங்காக எதையும் சேர்ப்பதில்லை. இப்படிச் சேர்ப்பவர்கள் பெருகப் பெருக, எது நல்லது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

முதலில் லேபிளில் இருக்கும் வயதை எடுத்துக்கொள்வோம். விலையை நிர்ணயிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ந்தால்தான் அது ஸ்காட்ச். லேபிளில் வயது போட்டால், கலந்திருப்பவற்றில் மிக இளையதன் வயதையே போட வேண்டும். நுகர்வோரைக் காக்கும் நல்ல விதி இது, சந்தேகமில்லை. ஆனால் அது மரத்துக்குள் கழிந்த காலத்தைச் சொல்கிறதே தவிர, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று சொல்வதில்லை. பீப்பாயின் உட்புறம் தீயில் வாட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து வெனிலா மணமும் இனிப்பும் காரமும் துவர்ப்பும் விஸ்கிக்குள் இறங்குகின்றன. புது வடிப்பின் முரட்டு வாடை மெல்ல அடங்குகிறது. இரண்டும் ஓர் அளவு வரைக்கும்தான் நல்லது. ஷெர்ரி இருந்த பீப்பாயில் முதல் தடவையாக விஸ்கியை நிரப்பி முப்பது நாற்பது ஆண்டு விட்டால், வாற்கோதுமையின் சுவையும் வடிசாலையின் சுவையும் மறைந்து மரக்கசப்பு மட்டும் எஞ்சிவிடும் ஆபத்து உண்டு. ஸ்காட்லாந்தின் ஈரக் குளிரில் மதுசார வலுவும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அது 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டப்படி ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. 60 ஆண்டு கிடந்த அந்த மெக்காலனின் வலு 42.6 சதவீதம், விளிம்புக்குப் பக்கத்தில் வந்து தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

வயதை மட்டும் நம்புவது எவ்வளவு தவறு என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் விஸ்கி பீப்பாயிலிருந்து ஆவியாகிறது. பெங்களூரில் அம்ருத் வடிசாலையில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். கணக்குப் போட்டால், ஸ்காட்லாந்தில் முப்பது ஆண்டில் ஏறக்குறைய 45 சதவீதம் போகிறது. பெங்களூரில் எட்டே ஆண்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மரத்தின் வேலையும் வெயிலில் அதே வேகத்தில் நடக்கிறது. அம்ருத் 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியை) அறிமுகப்படுத்தியபோது, வயதைக் காட்டி மதிப்புத் தேட அதற்கு வழியில்லை; சுவையைக் காட்டித்தான் இடம் பிடித்தது. தைவானின் கவலான் 2015இல் உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட்டாகத் தேர்வானபோது, அந்த வடிசாலை தொடங்கியே பத்தாண்டு ஆகியிருக்கவில்லை. வெப்ப நாடுகளின் கதை வேறு, ஸ்காட்ச்சுக்கு வயதுதான் அளவுகோல் என்று சிலர் வாதிடலாம். ஸ்காட்ச்சிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: இத்தாலியரான சில்வானோ சமரோலி 1984இல் 720 பாட்டில்களாக வெளியிட்ட பௌமோர் 1966 'பொக்கே'. உலகின் தலைசிறந்த விஸ்கிகளைப் பட்டியலிடும்போது அனுபவசாலிகள் மறக்காமல் சொல்லும் பெயர் அது. அடைக்கும்போது அதன் வயது 18 மட்டுமே. அதன் புகழுக்கு வயதும் காரணமில்லை, கண்ணாடிக் குடுவையும் காரணமில்லை. அந்த 720 பாட்டில்களில் பலவற்றை வாங்கியவர்கள் திறந்தார்கள், நண்பர்களுக்கு ஊற்றினார்கள், ருசித்தவர்கள் வாய்விட்டுப் பேசினார்கள். இன்றைய விலையெல்லாம் அந்தப் பேச்சின் மேல் எழுந்தது.

அரிய விஸ்கிகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் உலகுக்குச் செய்த நன்மையை மறுப்பது நியாயமாகாது. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் தேவைக்கு மேல் விஸ்கி குவிந்து கிடந்தது. நிறுவனங்கள் வடிசாலைகளை வரிசையாக மூடின. ஐலா தீவின் போர்ட் எலனும் வடகோடியில் உள்ள ப்ரோராவும் 1983இல் மூடப்பட்டன, ரோஸ்பேங்க் 1993இல். பல வடிசாலைகளின் விஸ்கியைக் கலக்கும் பிளெண்டட் விஸ்கிகளுக்கென்று பெரும்பாலும் வடிக்கப்பட்டவை இவை. போர்ட் எலனும் ப்ரோராவும் தனி அடையாளத்தோடு விற்பனைக்கு வரும் என்று அன்றைக்கு அந்த நிறுவனங்களே நினைக்கவில்லை. மிச்சப் பீப்பாய்கள் கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றில் பல, முன்பே ஓரிரு முறை விஸ்கி நிரப்பிக் காலி செய்த பழைய பீப்பாய்கள். சாறு வற்றிய அந்த மரங்கள் விஸ்கிக்கு அதிகம் எதையும் கொடுக்கவில்லை. அதனால்தான் இருபது முப்பது ஆண்டு கழித்தும் போர்ட் எலனின் புகையும் கடற்காற்றும், ப்ரோராவின் மெழுகு போன்ற வழவழப்பும் மரத்தில் அமுங்காமல் நின்றன. இரண்டாந்தரம் என்று கருதப்பட்ட பீப்பாய்தான் அந்த விஸ்கிகளைக் காப்பாற்றியது. அவற்றைத் தேடிப் போனவர்கள் சிறு வணிகர்களும் ஆர்வலர்களும். எல்ஜின் நகரில் 1895இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபைல், பல வடிசாலைகளின் விஸ்கியைத் தன் சொந்தப் பீப்பாய்களில் நிரப்பித் தலைமுறைகளாகக் காத்தது. ஜப்பானில் கருய்ஸாவா வடிசாலை 2000இல் ஓய்ந்த பிறகு மிஞ்சிய பீப்பாய்களை வாங்கி உலகுக்குக் கொண்டுபோனதும் ஒரு சிறு நிறுவனம்தான். பெருநிறுவனங்கள் அலட்சியமாக விட்டதை இவர்கள் மதித்தார்கள். அந்த மதிப்பு இல்லாவிட்டால் இன்று போர்ட் எலன் என்ற பெயரே பலருக்குத் தெரிந்திருக்காது.

பின்னால் வந்தது வேறு. போர்ட் எலனின் அதிகாரபூர்வ ஆண்டு வெளியீட்டு வரிசை 2001இல் 22 வயது விஸ்கியோடு தொடங்கியபோது, அது கொஞ்சம் யோசித்துவிட்டு நடுத்தர வருமானக்காரர் ஒருவர் வாங்கக்கூடிய விலையில் இருந்தது. 2012 வெளியீட்டின் விலை 600 பவுண்டு. அடுத்த ஆண்டே 1,500. ஒரே ஆண்டில் விஸ்கி இரண்டரை மடங்கு நன்றாக ஆகிவிடவில்லை. வாங்கியவர்கள் ஏலத்தில் மறுவிற்பனை செய்து பார்த்த லாபத்தை உரிமையாளர் நிறுவனம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதோடு அந்த விஸ்கி குடிப்பவர் கையிலிருந்து நழுவிப் பணம் போடுபவர் கைக்குப் போனது. முதலீடாகவும் அது உறுதியானதில்லை. நைட் ஃபிராங்க் நிறுவனத்தின் ஆடம்பரப் பொருள் குறியீட்டில் பத்தாண்டுகளில் பல மடங்கு ஏறிய அரிய விஸ்கி, 2023இல் 9 சதவீதம் இறங்கியது. ஏறும்போது யாரும் திறக்கவில்லை, விலை போய்விடுமே என்று. இறங்கும்போதும் யாரும் திறப்பதில்லை, விலை திரும்பட்டும் என்று.

திறக்காத பாட்டிலுக்குள் பொய் பத்திரமாக இருக்கும். 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில், மெக்காலன் 1878 என்று லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து ஒரு சிறு கிளாஸை சீன எழுத்தாளர் ஒருவர் 9,999 சுவிஸ் ஃபிராங்க் கொடுத்து அருந்தினார். அந்தப் பாட்டில் ஹோட்டலில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாகத் திறக்காமல் இருந்தது. செய்தி பரவியதும் நிபுணர்கள் தக்கையையும் லேபிளையும் பற்றிச் சந்தேகம் கிளப்பினார்கள். ஹோட்டலே மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியது. பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையில் வடித்தது, அதுவும் சிங்கிள் மால்ட் இல்லை, பிளெண்டட் என்று முடிவு வந்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இந்தச் சோதனை வேலை செய்யும் விதம் அழகானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தக் காற்றை உள்வாங்கி வளர்ந்த வாற்கோதுமையில் அது பதிந்தது. அதில் வடித்த விஸ்கியில் தங்கியது. ஆகவே குண்டுகளுக்கு முந்தைய விஸ்கியையும் பிந்தைய விஸ்கியையும் பிரித்துச் சொல்லிவிடலாம். 2018இல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ஆய்வகம் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தது. அவற்றில் 21 முழுப் போலி, அல்லது சொன்ன ஆண்டில் வடிக்கப்படாதவை. ஏலங்களில் புழங்கும் எல்லாவற்றுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்திவிட முடியாது. சந்தேகத்துக்குரியவைதான் சோதனைக்கு அதிகம் போகும். ஆனாலும் முத்திரையும் லேபிளும் எவ்வளவு பலவீனமான சாட்சிகள் என்பதை இது காட்டுகிறது. பாட்டிலுக்குப் பதிலாக முழுப் பீப்பாயையே வாங்கச் சொல்லும் வியாபாரத்தில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். கிடங்குக்காரரின் பதிவேட்டில் பெயர் மாறாதவரை, வாங்கியவர் கையில் இருப்பது ஒரு காகிதம்தான்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை. எல்லாரும் திறந்துவிட்டால் வரலாறே அழிந்துவிடாதா என்பது முதலாவது. பிரேசில்காரரான கிளைவ் விடிஸ் 35 ஆண்டுகளில் சேர்த்த 3,384 பாட்டில்கள் இன்று எடின்பரோவில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. லேபிள்களின் வரலாறு, நிறுவனங்கள் தோன்றி மறைந்த கதை, விளம்பர ரசனை மாறிய விதம் எல்லாம் அங்கே கண்ணெதிரே நிற்கின்றன. அங்கே திறக்காமல் வைத்திருப்பதில் பொருள் இருக்கிறது, பார்ப்பவருக்கு ஏதோ கிடைக்கிறது. வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் பாட்டிலுக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஓவியத்தைச் சுவரில் மாட்டித்தானே வைக்கிறோம், தொட்டுத் தேய்க்கிறோமா என்று கேட்பவர்களும் உண்டு. சுவரில் இருக்கும் ஓவியம் ஒவ்வொரு நாளும் பார்க்கப்படுகிறது. பார்க்கப்படுவதுதான் அதன் பயன். விஸ்கியின் பயன் மூக்கிலும் நாக்கிலும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது நிறம் மட்டும். அந்த நிறத்தையும் கேரமல் சேர்த்துக் கூட்டிக்கொள்ள ஸ்காட்ச் விதிகள் அனுமதிக்கின்றன. என் பணம், என் பாட்டில், திறப்பதும் திறக்காததும் என் உரிமை என்ற மூன்றாவது வாதத்துக்கு மறுப்பே கிடையாது. அது உரிமைதான். ஆனால் உரிமை இருப்பதால் மட்டும் அது நல்ல தேர்வு என்று ஆகிவிடாது. மேலும், பாட்டிலுக்குள் போன விஸ்கி அதற்கு மேல் முதிர்வதில்லை. முதிர்ச்சி மரத்தோடு நின்றுவிடுகிறது. காத்திருப்பதால் சுவை மேம்படும் என்று நினைத்துப் பூட்டி வைப்பவர் ஏமாறுகிறார். வைனைப் போலப் படுக்கவைத்தால் மதுசாரம் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தி வைத்தாலும் பல பத்தாண்டுகளில் தக்கை நொய்ந்துபோய் விஸ்கி மட்டம் மெல்ல இறங்கும்.

அப்படியானால் எப்படித் தேர்வு செய்வது? வயதைக் கடைசியில் பார்ப்பதுதான் சரி. எந்த வடிசாலை, எந்தக் காலத்து வடிப்பு, எந்த வகைப் பீப்பாய், அது எத்தனையாவது நிரப்பல், தண்ணீர் சேர்க்காமல் பீப்பாய் வலுவிலேயே அடைத்ததா, யார் தேர்ந்தெடுத்து அடைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால், வயதுக்கு அதன் இடம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு வடிசாலையின் 12 வயது விஸ்கியை நன்றாக அறிந்தவருக்குத்தான் அதன் 30 வயது என்ன பெற்றது, என்ன இழந்தது என்று புரியும். நேராக முப்பதில் தொடங்குபவர் விலைச்சீட்டைத்தான் ருசிக்கிறார். விலை எட்டாதபோது பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி, ஆளுக்குக் கொஞ்சமாகச் சிறு குப்பிகளில் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் மிக ஆரோக்கியமான வடிவம் இதுவே. ஒரு பாட்டிலிலிருந்து பதினைந்து தனித்தனி மதிப்பீடுகள் பிறக்கின்றன. போலியாக இருந்தாலும், பதினைந்து பேரில் அசலை முன்பு அருந்திய ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு.

இந்த அறிவுக்கு இப்போது ஒரு நேரடித் தேவையும் வந்திருக்கிறது. ப்ரோரா 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது; பிறகு போர்ட் எலனும் ரோஸ்பேங்கும் திறந்தன. ப்ரோராவின் பழைய இரண்டு செப்பு வடிகலன்களை அலோவாவுக்கு எடுத்துப்போய்க் கையால் செப்பனிட்டு, அதே இடத்தில் மறுபடி பொருத்தினார்கள். பழைய மெழுகுத் தன்மை திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு எழுத்துப் பதிவுகள் ஓரளவுக்குத்தான் உதவும். மூக்கும் நாக்கும் நினைவில் வைத்திருப்பதைப் பதிவேட்டில் எழுதிவிட முடியாது. 2021இல் வடித்தது 22 வயதை எட்டும்போது ஆண்டு 2043 ஆகியிருக்கும். அன்றைக்கு அது ப்ரோராதானா என்று சொல்ல வேண்டியவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். 1970களின் ப்ரோரா அவர்களுடைய கிளாஸில் ஒரு தடவையாவது விழ வேண்டும், அதுவும் மிச்சம் இருக்கும்போதே.