வர்ஜிலின் உழவு நூலில் திங்கள் நாள்கள்

பயிர்த்தொழிலைத் திங்களின் வளர்பிறை தேய்பிறைகளோடு பொருத்திச் செய்யும் வழக்கம் மிகப் பழமையானது. மேலைநாட்டு இலக்கியத்தில் இதற்குச் சான்றாக இரண்டு நூல்கள் எடுத்துக்காட்டப்படும். ஒன்று, ஏறத்தாழக் கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கப் புலவர் ஹெசியட் பெயரால் வழங்கும் ‘வேலைகளும் நாள்களும்’. மற்றொன்று, உரோமப் புலவர் வர்ஜில் கி.மு. 29-இல் முடித்த ‘ஜியார்ஜிக்ஸ்’ என்னும் உழவு நூல். பின்னதன் முதற் காண்டத்தில் 276 முதல் 286 வரையுள்ள 11 அடிகள் திங்களின் நாள்களைப் பற்றியன. இவ்வடிகளை உரோம உழவரின் வழக்கத்தை உள்ளவாறு உரைக்கும் சான்றாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. கொள்ளலாகாது என்பது எம் கருத்து. அங்ஙனமாயின் அவை நூலில் எப்பயன் கருதி நிற்கின்றன என்பதையும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

முதற்கண் ஹெசியட்டைக் காண்போம். அவர் நூல் 828 அடிகளால் ஆயது. அதன் இறுதி 64 அடிகள் நாள்களைப் பற்றியன. அப்பகுதி அவர் இயற்றியதன்று என ஐயுறுவாரும் உளர்; வர்ஜிலுக்கு முன்பே அஃது இருந்தது என்பதே நம் ஆய்வுக்குப் போதும். அதன்படி, வளர்பிறையின் 13-ஆம் நாள் விதைப்பைத் தொடங்க ஆகாது. செடிகொடிகளை நடுவதற்கோ மிகச் சிறந்தது. 17-ஆம் நாள் களத்தில் தானியம் இடுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் உரியது. ஐந்தாம் நாள்கள் அஞ்சி விலக்கத்தக்கன. பொய்ச்சூள் உரைப்பார்க்குக் கேடாகப் பிணக்குத் தெய்வம் ஈன்ற ‘ஹோர்க்கோஸ்’, அஃதாவது சூளுறவு, பிறந்த நாளில் சினத் தெய்வங்கள் உடனிருந்து பணி செய்தன என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படும்.

இனி வர்ஜிலுக்கு வருவோம். ஐந்தாம் நாளை விலக்குக என்று அவரும் கூறுகின்றார். கொடிமுந்திரி நடவும், காளைகளைப் பழக்கவும், தறியில் இழை கூட்டவும் 17-ஆம் நாள் நன்று என்கின்றார். ஒன்பதாம் நாள் ஓடிப்போவார்க்கு உகந்தது, திருடர்க்கு ஆகாதது. இரு நூல்களையும் ஒப்புநோக்கின், முன்னது பின்னதன் முதனூல் என்பது வெள்ளிடைமலை. ஆயினும் வேறுபாடுகள் சிறியன அல்ல. நடுவதற்கு ஹெசியட் உரைத்த 13 வர்ஜிலிடம் இல்லை. அவர் உரைக்கும் 17 ஹெசியட்டிடம் களத்திற்கும் கோடரிக்கும் உரிய நாள். ஹெசியட்டின் நாள்கள் சீயஸ் கடவுள் வகுத்தவை. வர்ஜிலின் நாள்களையோ திங்களே வகுத்தளிக்கின்றது.

வர்ஜில் உரைத்தது அவர் காலத்து உழவர் வழக்கமாகலாம் என்பார்க்கு அவர் நூலே விடை கூறுகின்றது. நடுநிலக்கடல் நாடுகளில் மழை பெரிதும் குளிர்காலத்தது. ஆதலின் ஆங்குத் தானிய விதைப்பிற்கு உரிய பருவம் இலையுதிர்காலம். பகலும் இரவும் ஒத்த பின் வாற்கோதுமையும் ஆளிவிதையும் கசகசாவும் விதைக்கலாம் என்றும், கோதுமைக்குக் கார்த்திகை மீன்கூட்டம் வைகறையில் மறையும் காலம்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றும் முதற் காண்டம் விதிக்கின்றது. ஆங்கு மீன்களே வழிகாட்டி, பிறைக்கு இடமில்லை. கொடிமுந்திரி நடும் பருவமோ இரண்டாம் காண்டத்தில் தனியே உரைக்கப்படுகின்றது: இளவேனில் சிறந்தது, இன்றேல் இலையுதிர்காலத்தின் முதற்குளிர் தொடங்கும் வேளை. 17-ஆம் நாளைப் பற்றிய குறிப்பு அவ்விடத்தில் இல்லை. உண்மை விதியாயின், அது வேண்டப்பட்ட இடத்தில் ஏன் மறக்கப்பட்டது?

உரோமர் திங்களைப் பொருட்படுத்தவில்லை என்று இதனாற் கொள்ளற்க. அத்தி, ஒலிவம், கொடிமுந்திரி முதலியவற்றை நிலவு மறைந்த நாளின் பிற்பகலில், தென்காற்று வீசாதபோது ஒட்டுக்கட்டுக என்பது கேட்டோவின் அறிவுரை. அவரை விதைக்கத் திங்களின் 15-ஆம் நாளைக் குறிப்பர் கொலுமெல்லா. தேய்பிறையில் முடிவெட்டினால் தலை வழுக்கையாகும் எனத் தந்தை சொல்லைக் காக்கும் ஒருவரை வாரோ தம் உரையாடலில் காட்டி நகைக்க வைக்கின்றார். இவை உழவரிடையே வழங்கிய நம்பிக்கையின் உண்மைச் சுவடுகள். ஆயின் அவற்றுள் மேலோங்கி நிற்பது பிறையின் நிலை: மறைவு, நிறைவு, தேய்வு. வர்ஜிலின் அடிகளிலோ பிறையின் நிலை சிறிதும் புலனாவதில்லை. எண்கள் மட்டுமே நிற்கின்றன. பிறைக்கும் பயிர் விளைவிற்கும் நம்பத்தக்க தொடர்பு காணப்படவில்லை என 2020-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சிலர் ஆராய்ந்து எழுதினர். ஆனால் வழக்கம் மெய்யா பொய்யா என்பது நம் வினாவன்று. எது வழக்கம், எது பாட்டு என்பதே வினா.

வர்ஜில் உழவர்க்குக் கற்பிக்க எண்ணவில்லை, படிப்போரை மகிழ்விக்கவே எண்ணினார் என்பது செனெக்காவின் தீர்ப்பு. அவர் இதனை அவரை, தினை ஆகியவற்றின் விதைப்புக் காலத்தைப் பற்றிக் கூறினார். அத்தீர்ப்பைத் திங்கள் நாள்களுக்கும் பொருத்தி அமைதல் எளிது. எனினும் அது போதாது. மகிழ்விப்பதற்கு மட்டும் ஐந்தாம் நாளை இத்துணை இருளாக்க வேண்டுவதில்லை.

ஹெசியட்டின் ‘ஹோர்க்கோஸ்’ வர்ஜிலிடம் ‘ஓர்க்கஸ்’ ஆகின்றது. ஒலி ஒத்தது, பொருளோ சூளுறவினின்று கீழுலகத் தெய்வத்திற்கு மாறியது. இதனைப் பிழை என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. ஹெசியட்டின் நூல், சொத்துப் பங்கீட்டில் தம்மோடு வழக்காடிய உடன்பிறந்தானை நோக்கிப் பாடப்பட்டது. பொய்ச்சூள் அந்நூலின் உயிர்நிலையான குற்றம். வர்ஜில் அச்சூளைத் தெய்வ நிலையினின்று நீக்கினாரேயன்றி நூலினின்று நீக்கவில்லை. அதே ஐந்தாம் நாளில் வானத்தைத் தகர்க்கச் சதிசெய்த உடன்பிறந்தாரை நிலமகள் ஈன்றாள் என்கின்றார். சதிசெய்தார் என்பதற்கு அவர் ஆண்ட ‘கொன்யூராட்டோஸ்’ என்னும் சொல், ஒருங்கே சூளுரைத்தார் என்னும் பொருளது. அறத்தைக் காத்த சூள் ஈண்டு அறத்தை அழிக்கக் கூடினாரின் சூளாகிவிட்டது.

இம்மாற்றத்தின் நோக்கம் காண்டத்தின் இறுதியில் விளங்குகின்றது. கி.மு. 42-இல் பிலிப்பியில் உரோமர் உரோமரோடு பொருத போரை ஆங்கு நினைந்து, வருங்காலத்து உழவன் துருவேறிய வேல்களை ஏர்முனையால் புரட்டுவதை வர்ஜில் காட்டுகின்றார். உடன்பிறந்தார் சூளுரைத்துக் கூடிய நாள் உழவனுக்கு ஆகாத நாள் என்று முன்னர்க் கூறியதன் பொருள் அப்பொழுதே முழுமை பெறுகின்றது. ஐந்தாம் நாளில் விலக்க வேண்டியது விதைப்பன்று, உள்நாட்டுப் போரே. நாள்கணக்கின் உருவில் வர்ஜில் எழுதியது தம் தலைமுறையின் அச்சத்தை.

இவ்வாராய்ச்சி நமக்கும் ஒரு படிப்பினையாகும். நம் பள்ளு நூல்களில் நெல்வகை, மாட்டுவகை ஆகியவற்றின் பட்டியல்கள் மரபாக இடம்பெறுகின்றன. ஒரு பள்ளில் வரும் பெயர் அந்நூல் பாடும் ஊரில் விளைந்த நெல்லுக்குச் சான்று என்று ஆராயாது கொள்வோரும், எல்லாம் மரபே என்று தள்ளிவிடுவோரும் ஒரே பிழையை இருபுறமிருந்து செய்கின்றனர். முன்னூல் எது, அதனின்று புலவர் எதனை மாற்றினார், மாற்றியது நூலில் வேறு எவ்விடத்தோடு இயைகின்றது என்ற மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே இலக்கிய வரியைச் சான்றாக ஏற்றலோ மறுத்தலோ தகும். வர்ஜிலின் 11 அடிகள் உழவு வரலாற்றிற்குத் தருவது சிறிதே. அவர் காலத்து மக்களின் நெஞ்சை அறிய விழைவார்க்கோ அவை தருவது பெரிது.