களம் கற்றுக்கொடுத்த கார்கள்

வேகமான கார் என்பது பணமும் பெரிய என்ஜினும் இருந்தால் எவரும் செய்யக்கூடியதுதான். ஐரோப்பியக் கார் மரபை மதிப்பிட வேறோர் உரைகல் தேவை: பந்தயத்தில் கற்ற பாடம் விற்பனைக் காருக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது? 1953இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் வென்றதற்கு டிஸ்க் பிரேக் பெரிய துணை. டிரம் பிரேக் வைத்திருந்தவர்கள் வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டிகளால் இன்னும் நெருங்கிப் போய்ப் பிரேக் மிதிக்க முடிந்தது. அந்தப் பிரேக் இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் இருக்கிறது.

இத்தாலியர்களுக்கு என்ஜின்தான் எல்லாம். என்ஸோ ஃபெராரி 1929இல் தொடங்கிய குழு முதலில் ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ கார்களை. 1947இல் தன் பெயரிலேயே வெளியிட்ட 125 எஸ் காரில், வெறும் ஒன்றரை லிட்டர் என்ஜினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள்! 1951இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் அவருடைய கார் ஆல்ஃபாவையே தோற்கடித்தது. ஆனால் அந்த என்ஜின் பக்தி சில நேரம் கண்ணையும் மறைத்தது. என்ஜினைப் பின்னால் வைத்த கூப்பர் காரில் ஜாக் பிராபம் 1959, 1960 இரண்டு ஆண்டும் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஆனார். அதன் பிறகே ஃபெராரி அந்தப் பந்தயத்தில் முழுமையாக அந்த வழிக்கு வந்தது.

ஜெர்மனியின் போர்ஷே மதித்தது உழைப்பை. 1951 லெமானில் சின்னஞ்சிறு 356 கார் தன் பிரிவில் வென்றது. ஒட்டுமொத்த வெற்றி 1970இல் 917 காரில்தான் கிடைத்தது. 917இல் பழகிய டர்போ, 1974இல் 911 டர்போவாகக் காட்சிக்கு வந்தது. 1980களில் பந்தயத்தில் சோதித்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை 2008இல்தான் 911இல் பொருத்தினார்கள். அந்தப் பொறுமைக்காகவே என் உரைகல்லில் போர்ஷேவுக்கு முதலிடம்.

இருந்தாலும் மனம் நாடுவது இங்கிலாந்தின் லோட்டஸை. அதை நிறுவிய காலின் சாப்மன், குதிரைத்திறனைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதில் குறியாக இருந்தவர். 1962இல் லோட்டஸ் 25 காரில் குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு, அலுமினியத் தகட்டு உடலையே சட்டமாக்கினார். அந்தக் காரில் ஜிம் கிளார்க் மறு ஆண்டு சாம்பியன். 1967இல் லோட்டஸ் 49: என்ஜினே காரின் பின்பாதியைத் தாங்கும் எலும்பு, முதல் பந்தயத்திலேயே வெற்றி. ஒரு பாகம் இரண்டு வேலை செய்தால் ஒன்று மிச்சம் என்பதே அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் பாதுகாப்புக்கு விட்ட இடம் குறைவு. இதைச் சொல்லாமல் லோட்டஸைப் புகழ்வது நேர்மையல்ல. 1970இல் மோன்சா தகுதிச் சுற்றில் லோட்டஸ் 72 விபத்துக்குள்ளாகி அதன் ஓட்டி யோகன் ரிண்ட் இறந்தார். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே போனது.

சாப்மன் 1982இல் காலமானார். ஆனால் எடை குறைக்கும் அவர் வழி தொடர்ந்தது. 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினியச் சட்டத்தைப் பற்றவைக்காமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். ரோவர் நிறுவனத்தின் சாதாரண 1.8 லிட்டர் என்ஜின்தான். காரின் எடையோ ஏறத்தாழ முக்கால் டன். வளைவுகளில் அதைவிடப் பெரிய என்ஜின் கொண்ட கார்கள் அதனிடம் திணறின.