சக்கரமே அளவுகோல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பைச் சுற்றி ரெனோ, நிஸ்ஸான் கார்களும் பாரத்பென்ஸ் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் தயாராகின்றன. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஆனால் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களின் நோட்டுகளில் நான் அதிகம் பார்த்தவை இந்த வண்டிகள் அல்ல. 1960களின் அமெரிக்க மசில் கார்கள்: மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர், பான்டியாக் ஜிடிஓ. கார் வரையும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். பிடிப்பதாலேயே அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

முதல் நன்மை, விகிதம் கைவருவது. முகத்தின் நீளத்தை அலகாக வைத்து முழு உடலையும் அளக்கும் முறையைச் சிற்பிகள் தாலமானம் என்பார்கள். காரை வரைபவருக்கு அந்த அலகு சக்கரம். 1964 ஏப்ரலில் வெளிவந்த முதல் மஸ்டாங்கில் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 108 அங்குலம். டயரின் உயரமோ ஏறக்குறைய 25 அங்குலம். அதாவது இரு மையங்களுக்கு இடையே நான்கு சக்கரத்துக்கும் சற்று அதிகமான இடம். பழகாத கை அதைவிடக் குறைந்த இடைவெளியில் நின்றுவிடுகிறது. நீண்ட பானெட்டும் குட்டையான பின்புறமும் அழகாக விழுந்திருக்கும்; ஆனாலும் படம் மஸ்டாங் ஆகாது. இந்தப் பிழையை ஒருமுறை தானே கண்டுபிடித்துத் திருத்தியவர், அதன்பின் எந்த வண்டியையும் அளக்காமல் பார்க்க மாட்டார்.

இரண்டாவது நன்மை இந்தப் பகுதிக்கே உரியது. பிரஸ் ஷாப்பிலும் பாடி ஷாப்பிலும் வேலை பார்ப்பவருக்குக் கோடு என்பது வெறும் கோடல்ல. தட்டையான தகடு எளிதில் நெளியும். அதில் ஒரு மடிப்பு விழுந்தால் விறைப்புக் கூடும். அந்த மடிப்பை அடிக்க டை என்னும் அச்சு ஒன்று வேண்டும். மஸ்டாங்கின் கதவு நெடுக ஓடிப் பின்சக்கரத்துக்கு முன் முடியும் பள்ளத்தை வரையும்போது, எங்கே தகடு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும். ஓவியப் பள்ளியில் எளிதில் கிடைக்காத அறிவு இது.

குறைகளுக்கு வருகிறேன். பெரும் குறை, போட்டோவைப் பார்த்தே வரைவது. போன் திரையில் வரும் படங்கள் பல, அகன்ற லென்ஸை முன்பக்கத்துக்கு வெகு அருகே வைத்து எடுத்தவை. முன்சக்கரம் உப்பும், பின்பகுதி சுருங்கும். அது கேமராவின் பார்வை, காரின் வடிவம் அல்ல. அதை அப்படியே படியெடுப்பவர் நிழலையும் பளபளப்பையும் மணிக்கணக்கில் தேய்த்து அசத்தலாம். ஆனால் வண்டியைச் சற்றுத் திருப்பி வேறு கோணத்தில் வரையச் சொன்னால் பென்சில் நின்றுவிடும். சாய்வாகப் பார்க்கும் சக்கரம் நீள்வட்டமாவதும், அதன் குறுக்கச்சு அச்சுத்தண்டின் திசையிலேயே போவதும் படியெடுத்தால் வராது. எதிரே நிற்கும் வண்டியைப் பார்த்துத் தப்பித் தப்பி வரைந்தால்தான் வரும்.

இன்னொரு குறை, ஆசை மேல்தோலோடு நின்றுவிடுவது. மஸ்டாங்கின் பிறப்பே இதற்கு மாற்றுப் பாடம். 1962இல் ஃபோர்டு நிறுவனத்துக்குள் நடந்த வடிவப் போட்டியில், கேல் ஹால்டர்மேனின் ஓவியத்திலிருந்து உருவான மாதிரி வென்றது. அவர் கனவை வெற்றிடத்தில் வரையவில்லை. அந்த உடலுக்கு அடியில் இருக்க வேண்டியது ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். விலை கட்டுப்படியாக வேண்டும், நான்கு பேர் உட்கார வேண்டும். கட்டுப்பாட்டுக்குள் பிறந்த கோடு அது. நம் நோட்டுகளிலோ ஓட்டுநருக்குத் தலை இடிக்காத கூரை இருக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. அந்தக் கார்களை வளர்த்த மலிவான பெட்ரோல் காலம் 1973 எண்ணெய் நெருக்கடியோடு முடிந்ததும் படத்தில் தெரிவதில்லை.

அப்படியானால் மசில் காரை விட்டுவிடலாமா? கூடாது. ஆசை இல்லாத கை நூறு நீள்வட்டம் வரைந்து பழகாது. இந்தியாவில் 1984 முதல் 2002 வரை தயாரான கான்டெஸா காரை மசில் கார் போலக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் உண்டு; ஏங்குவது இயல்பு. என் குறை ஏக்கத்தின் மீதல்ல, அது ஒரே படத்தில் உறைந்துபோவதன் மீது.

மஸ்டாங் இந்த மண்ணில் தயாரானதில்லை. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே, 2016இல் அது இறக்குமதியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. இங்கே கார் செய்யும் கைகள் ஏராளம். காருக்கு உருவம் கொடுக்கும் கைகள் இன்னும் பெருக வேண்டும். அதற்கான முதல் பயிற்சி அந்த நோட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில், புதுக் கார்களை இரண்டடுக்காக ஏற்றிக்கொண்டு ஒரகடம் சந்திப்பில் திரும்பும் டிரெய்லரை வரையட்டும். போட்டோ வேண்டாம். சக்கரத்தை அளந்து, நேரில் பார்த்து. மஸ்டாங் கற்றுக்கொடுத்தது கைக்கு வந்ததா என்பது அந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும்.